பீர் பெட்டி மேல் முருகன்

என் மாமியார் நாற்பத்தெட்டு பீர் பாட்டில்களுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

ஹூஸ்டன் புறநகரான சுகர் லேண்டில் நாங்கள் வாங்கிய முதல் வீடு அது. விருந்தினர் அறையில் சுவரோடு பதித்த குளோசெட், அதாவது துணி அலமாரி, ஒன்று உண்டு. அதன் மடக்குக் கதவைத் திறந்துவைத்து, கார்பெட் மேல் ஒரு பலகையைப் போட்டு அத்தை சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு அட்டைப்பெட்டிகள். அவற்றின் மேல் ஜரிகைத் துண்டு. துண்டின் மேல் பிள்ளையார், முருகன், மகாலட்சுமி என்று மூன்று படங்கள். கரூரிலிருந்து புடவைகளுக்கு நடுவே கண்ணாடி கீறாமல் வந்து சேர்ந்தவை. கற்பூரத்துக்குக் கத்தாமல் இருக்க, புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டிருந்தேன்.

நிலைப்படியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த என்னிடம் அத்தை தட்டை நீட்டினார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"நல்லா வேண்டிக்குங்க மாப்ள. எல்லாத்தையும் அவன் பாத்துக்குவான்."

வேண்டிக்கொண்டேன். துண்டு நழுவக்கூடாது என்று.

ஹாபி இல்லாத மனிதன்

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதை எல்லாம் படித்துவிட்டு, "அமெரிக்காவில் நீங்கள் பொழுதுபோக்காக எதுவுமே செய்ததில்லையா?" என்று திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். செய்தேன் ஐயா. ஒரே ஒரு முறை.

அப்போது ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் எனக்கு வேலை. திங்கள்கிழமை காலையில் அலுவலகத்தில் எல்லாரும் எல்லாரையும் "வீக்கெண்டில் என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். ஒருவன் மீன் பிடித்திருப்பான். ஒருத்தி குதிரை ஏறியிருப்பாள். நான் துணி துவைத்து, பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய், வருகிற வழியில் துவரம்பருப்பு வாங்கியிருப்பேன். மூன்று வருடங்களாக இதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசை வெய்ன், தாடி வைத்த ஆறடி ஆள். அவருக்கு என்னைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "உனக்கு ஹாபி என்ன?" என்று ஒருநாள் கேட்டார். நான் யோசித்தேன். எங்கள் ஊரில் எஞ்சினியரிங் படிக்கிறவனுக்குப் படிப்புதான் ஹாபி. படிப்பு முடிந்ததும் வேலை தேடுவது ஹாபி. வேலை கிடைத்ததும் கிரீன் கார்டு. அதையே சொன்னேன். வெய்ன் சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டார்.

அந்தச் சனிக்கிழமையே என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, தானே காய்ச்சிய பீர் ஒரு கிளாஸ் கொடுத்தார். அதுவரை நான் பீரைத் தொட்டதே இல்லை என்று எழுதலாம்தான். என் ஹாஸ்டல் நண்பர்கள் பத்திரிகைக்குக் கடிதம் போட்டுவிடுவார்கள். கிளம்பும்போது ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி, ஒரு ரப்பர் குழாய், மூடி அழுத்தும் கருவி, கைப்பட எழுதிய செய்முறை எல்லாவற்றையும் என் காரில் ஏற்றிவிட்டார். எனக்கு ஹாபி வந்துவிட்டது.

குடிக்காத பையன்

இங்கே என் கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. கரூரில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். நல்ல மனிதர், நன்றாகப் பாடுவார், குடித்தே செத்தார். அவர் போன பிறகு தனியாளாக நின்று பெண்ணுக்கு வரன் பார்த்த அத்தை, தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம். "சாதகம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவால்லை. குடிக்காத பையனா இருக்கோணும்."

சும்மா கேட்டுவிட்டு நம்பிவிடவில்லை. நான் படித்த கல்லூரியின் ஹாஸ்டல் வாட்ச்மேன் வரைக்கும் ஆள் அனுப்பி விசாரித்தார். அந்த வாட்ச்மேன் எனக்குச் செய்த உதவியை நான் மறக்க மாட்டேன். "தங்கமான புள்ள, சோடா கூடக் குடிக்காது" என்று சொன்னாராம்.

கல்யாணத்துக்குப் பிறகு சொந்தக்காரர்களிடம் அத்தை என்னை அறிமுகப்படுத்தும் விதமே தனி. எஞ்சினியர் என்று சொல்ல மாட்டார், அமெரிக்கா என்று சொல்ல மாட்டார். "நம்ம மாப்ள. ஒரு பழக்கமும் இல்லீங்க" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். முப்பது வருடம் தோற்ற ஆட்டத்தில் கடைசியாக ஒன்று ஜெயித்தவரின் நிம்மதி. அதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கும், அந்த வாட்ச்மேன் ஞாபகமும் வரும்.

ஹார்லிக்ஸ் வாசனை

சுமதிக்கு அப்போது ஏழாம் மாதம். வெய்ன் கொடுத்த வாளியைப் பார்த்ததும் கேட்டாள்.

"கடையில வாங்கிக் குடிச்சா குடிகாரன். வீட்ல காய்ச்சிக் குடிச்சா ஹாபியா?"

"இது கெமிஸ்ட்ரி சுமதி."

"எங்கப்பா கூட மருந்துன்னுதான் சொல்வாரு."

கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு சம்மதித்தாள். அவளுடைய பாத்திரம் எதையும் தொடக்கூடாது. குழந்தை பிறக்கும் வரை பாத்திரம் தேய்ப்பது என் வேலை. முக்கியமாக, "அம்மா வர்றதுக்குள்ள எல்லாத்தையும் ஃபினிஷ் பண்ணி கிளீன் பண்ணிடணும்." அத்தை வர இரண்டு மாதம் இருந்தது. வாளியில் பத்து நாள், பாட்டிலில் மூன்று வாரம் என்று வெய்ன் எழுதியிருந்தார். தாராளமாக நேரம் இருந்தது.

இதற்கென்றே வாங்கிய பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, டப்பாவிலிருந்த மால்ட் பாகை ஊற்றினேன். வெல்லப்பாகு மாதிரி கருப்பாக, கரண்டியை விட்டு இறங்காமல் அடம் பிடித்தது. வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை. "இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்றாள் சுமதி. பிறகு ஹாப்ஸ் போட்டேன். பச்சையாக, ஆட்டுப் புழுக்கை அளவில் இருக்கும். கசப்புக்கு அதுதான். போட்டதும் பாத்திரம் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் பசை. சுமதி சோபாவில் சாய்ந்தபடியே "பொங்கலோ பொங்கல்" என்று குரல் கொடுத்தாள்.

ஒரு மணி நேரம் கொதித்த பிறகு, ஐஸ் கொட்டிய குளியல் தொட்டியில் பாத்திரத்தை இறக்கி ஆற வைத்தேன். எந்தச் சூட்டில் ஈஸ்ட் போடுவது என்று வெய்ன் தெர்மாமீட்டர் கணக்கெல்லாம் எழுதியிருந்தார். வெளியே தொட்டுப் பார்த்தேன். பாலுக்கு உறை ஊற்றுகிற சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. போட்டேன். மறுநாள் காலை வாளியின் மூடியில் செருகியிருந்த குழாயில் குமிழி பொளக் பொளக் என்று வந்தபோது, எனக்கு உண்மையிலேயே ஆனந்தமாக இருந்தது. அலுவலகத்தில் நான் செய்த எதுவும் இப்படி எனக்குப் பதில் சொன்னதில்லை.

டெக்ஸாஸ் கோடையில் கராஜ் சூளையாகக் கிடக்கும். ஏசி நன்றாக வருகிற, ஆள் புழங்காத, வெளிச்சம் படாத இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. விருந்தினர் அறையின் குளோசெட்.

பாட்டில் சேர்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குப்பை வண்டி வருகிற நாளில் காலை நடை போவது போலப் போய், தெருக்காரர்களின் மறுசுழற்சித் தொட்டிகளில் கைவிட்டுத் துழாவினேன். அடுத்த தெரு ஆண்ட்டி காரை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மாலை சுமதிக்கு போன் வந்தது. "அவருக்கு ஆபீஸ்ல ஏதும் லே ஆஃபா?"

இரண்டு கை சர்க்கரை

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டிலில் அடைத்தேன். அடைப்பதற்கு முன் கொஞ்சம் சர்க்கரையைத் தண்ணீரில் காய்ச்சிக் கலக்க வேண்டும். வெய்ன் கொடுத்த அளவுக் கப்பில் முக்கால் கப், தலைதட்டி, கொஞ்சமும் பிசகாமல் அளந்து கலந்தேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ருசி பார்த்தேன். வேப்பங்கொழுந்து மாதிரி கசந்தது.

நான் ஈரோட்டுக்காரன். எங்கள் வீட்டில் விருந்தாளிக்குக் கொடுக்கும் காபியில் சர்க்கரை குறைந்தால் அது அவமானம். எந்தச் சமையலானாலும் நாக்கில் விட்டுப் பார்த்துக் கூட்டுவதும் குறைப்பதும்தான் எங்களுக்குத் தெரிந்த முறை. வெய்னுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிற பீர் இது. டப்பாவில் கையை விட்டு இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கினேன்.

அந்தச் சர்க்கரை இனிப்புக்கு இல்லை. பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவாக மாற்றும். மூடிய பாட்டிலில் அந்த வாயுவுக்குப் போக வழி கிடையாது. வெய்னின் தாளில் இது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் திருப்பவில்லை.

துணைக்கு ஆள்

செவ்வாய்க்கிழமை கரூரிலிருந்து போன். தெரிந்தவரின் மகள் ஹூஸ்டனுக்கு வருகிறாளாம். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாளாம். இந்தத் துணையை விட்டால் வேறு கிடைக்காது என்று அத்தை டிக்கெட்டை மாற்றிவிட்டார். அடுத்த புதன்கிழமை வந்து இறங்குகிறார். நம் வீட்டுப் பெரியவர்களின் பயணத் தேதியை விமானக் கம்பெனி தீர்மானிப்பதில்லை, துணைக்கு வருகிறவர்தான் தீர்மானிக்கிறார்.

பெட்டிகளை எங்கள் அறைக்கு மாற்றலாம் என்றேன். "என் புடவை பக்கத்துல அது வரக்கூடாது. ஸ்மெல்லே எனக்கு வாமிட் வருது" என்றாள் சுமதி. கராஜில் வைத்தால் வெந்துவிடும். கடைசியில் பெட்டிகளை டேப் போட்டு ஒட்டி, மேலே 'ஆபீஸ் ஃபைல்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

வந்த மறுநாள், தூக்கம் பிடிக்காமல் விடியுமுன் எழுந்த அத்தை, நான் கண் விழிப்பதற்குள் துண்டு விரித்துப் படங்களை வைத்துக் கற்பூரம் ஏற்றத் தயாராகியிருந்தார். சுமதி என்னைப் பார்த்தாள். நான் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றப் போனேன்.

பத்தொன்பதாம் நாள்

அத்தை வந்த பிறகு பத்தொன்பது நாள் பொறுத்தேன். ஒரு திங்கள்கிழமை சுமதி அத்தையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் செக்கப்புக்குப் போனாள். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். படங்களை ஒவ்வொன்றாகக் கட்டிலில் இறக்கி வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். டேப்பைக் கிழித்து ஒரு பாட்டிலை எடுத்துச் சமையலறையில் திறந்தேன்.

கூரைவரை அடித்தது. திறந்த வேகத்தில் மூடி எங்கே போனதென்றே தெரியவில்லை. பாட்டிலில் மிஞ்சியது மூன்று வாய். நன்றாகவே இருந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். கூரை, சுவர், அடுப்பு எல்லாவற்றையும் துடைத்து, பெட்டியை ஒட்டி, படங்களை மறுபடி ஏற்றிவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் இதை ஒரு வேடிக்கையாக வெய்னிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு சர்க்கரை என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியை என் பக்கம் திருப்பி, இடது புருவத்தின் குறுக்கே இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். ஃபுட்பாலில் பட்ட அடி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த தழும்பு அது. பாட்டில் வெடித்ததாம். ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் கண் போயிருக்கும். "இன்றைக்கே வெளியே எடுத்துவிடு. யாரையும் பக்கத்தில் விடாதே" என்றார்.

மூன்று காலைகள்

எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். 'அத்தை, கொஞ்சம் எழுந்திருங்க, அது பீர்.' அதைச் சொல்லியிருந்தால் அத்தையின் முகத்திலிருந்த அந்த நிம்மதி போயிருக்கும். சொல்லாவிட்டால் அவர் கண் போகலாம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன் என்று சொல்லவே எனக்கு இன்றும் கூசுகிறது. ஆனால் வைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை அம்மாவும் மகளும் கோயிலுக்குப் போவதாக இருந்தது. அப்போது காதும் காதும் வைத்த மாதிரி எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இடையில் புதன், வியாழன், வெள்ளி. மூன்றே காலைகள்.

முன்னெச்சரிக்கை எடுக்காமல் இல்லை. குளிரில் ஈஸ்ட் அடங்கும் என்று படித்து, ஏசியை நடுங்குகிற அளவுக்குக் குறைத்தேன். அத்தை ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மகளிடம், "புள்ளத்தாச்சிக்கு வேர்க்கக் கூடாதுன்னு மாப்ள எப்படிப் பாக்கறாரு பாரு" என்றார். பூஜையை இடம் மாற்றவும் பார்த்தேன்.

"அத்தை, சாமிய லிவிங் ரூம்ல வெச்சா நல்லதுன்னு சொல்றாங்க."

"ஆரு சொல்றாங்க?"

"ஆபீஸ்ல."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இங்கயே இருக்கட்டுங்க" என்றார்.

புதன்கிழமை காலையும் வியாழக்கிழமை காலையும் அவர் உட்கார்ந்து எழுகிறவரை நான் நிலைப்படியிலேயே நின்றேன். நின்று என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். குடித்த காபி ஒன்றுக்கும் ருசி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை அத்தை பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டு, செம்பருத்தி பறிக்க மறந்துவிட்டது என்று எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நான் ஹாலில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு சத்தம். உடனே இன்னும் இரண்டு. ஓடினேன். அறை முழுக்க ஹார்லிக்ஸும் கசப்பும் கலந்த நாற்றம். பெட்டி கிழிந்து நுரை வழிந்துகொண்டிருந்தது. படங்கள் மூன்றும் குப்புறக் கிடந்தன. பலகையின் நடுவில், மூடி கழலாத ஒரு பாட்டில் கழுத்து. எதிர்ச் சுவரின் ஜிப்சம் அட்டையில், உட்கார்ந்திருக்கும் ஆளின் முக உயரத்தில், ஒரு கண்ணாடித் துண்டு குத்தி நின்றது.

கையை நுரையில் ஊன்றினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை கையில் பூவோடு வந்தார்.

"சுமதி, நீ இந்தப் பக்கம் வராத கண்ணு. கால்ல கண்ணாடி குத்தும்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்தார். அப்போதுதான் பார்த்தேன், உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. சமையலறைக்குக் கூட்டிப் போய்க் கழுவி மஞ்சள் வைத்து அழுத்தினார்.

"அத்தை, அது பீருங்க. நானே காய்ச்சினது."

"தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"வந்த அன்னைக்கே. முப்பது வருசம் அவரோட குடும்பம் பண்ணியிருக்கறேன். பொட்டிய நகத்துனா பாட்டில் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா?" கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார். "உங்க மாமனாரு அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெப்பாரு. சண்ட போட்டுப் பாத்தேன், அழுது பாத்தேன். அப்பறம் டிரம்மு மேல முருகனத் தூக்கி வெச்சேன். அவன எறக்கிட்டு எடுக்கக் கை வராதுன்னு ஒரு நெனப்பு. மூணாம் நாளே எறக்கிட்டாரு."

துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"நீங்க பத்தொம்பது நாள் தாங்குனீங்க. பரவால்லைங்க."

"பத்தொம்பதுன்னு எப்படி..."

"ஆஸ்பத்திரி போயிட்டு வந்து பாக்கறேன், மகாலச்சுமி நடுவால நிக்கறா. முருகன் ஓரத்துக்குப் போயிட்டான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிய மாதிரி இருந்தது. அன்று மாலை நீச்சல் கண்ணாடியும் அடுப்புக் கையுறையும் மாட்டிக்கொண்டு மிச்ச பாட்டில்களைக் கொல்லையில் கொட்டியபோது, அத்தை ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

இந்தக் கதையைக் குடும்பத்தில் சொல்லாத ஆள் இல்லை. சுமதி சொல்வாள், அன்று வயிற்றிலிருந்த எங்கள் மகள் இங்கிலீஷில் சொல்வாள். அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கரூரில் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார். போன வாரம் போனில், "அந்தப் பீரு கதைய எப்ப எழுதுவீங்க மாப்ள?" என்று அவரேதான் கேட்டார். எழுதிவிட்டேன் அத்தை. நாம் யாரிடமும் சொல்லாத கடைசித் துண்டு மட்டும் பாக்கி.

கட்டுப் போட்டு முடித்து, என் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு அத்தை கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, இது இப்படி வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க அத்தை."

"அதானே. தெரிஞ்சிருந்தா என்னைய அங்க உக்கார உட்டிருப்பீங்களா?"

"உட்டிருக்க மாட்டேனுங்க அத்தை" என்றேன்.